எந்தச் சாம்பல், அண்ணாச்சி?

‘சாம்பல் கலர்’ என்று சொல்லிவிடுவது ரொம்ப சுலபம். ஆனால் எந்தச் சாம்பல்? விபூதிச் சாம்பலா, விறகடுப்புச் சாம்பலா, சிகரெட் சாம்பலா, புறா இறக்கைச் சாம்பலா? உங்களுக்கும் எனக்கும் நாலும் ஒன்றுதான். பெயிண்ட் அடிக்கிறவருக்கு நாலும் நாலு ஊர்!

ஒரு வண்டிக்கு முழுசாகப் பெயிண்ட் அடிப்பதில் பெரிய வித்தை கிடையாது. பிடித்த கலரைச் சொல்லி விட்டு, சம்பளம் வந்ததும் போய் எடுத்துக்கொண்டு வந்து விடலாம். ஆனால், பழைய வண்டியில் ரெண்டு மூணு பாகத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்து, அது மற்ற பாகங்களோடு சண்டை போடாமல் நிற்க வேண்டும் என்றால், அது வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிற மாதிரி. இருப்பதே தெரியக் கூடாது. ஆனால் இருக்க வேண்டும்.

இந்த வித்தையை நான் கண்ணால் பார்த்தது வண்ணார்பேட்டையில். சென்னையில் இருக்கிற வண்ணாரப்பேட்டை இல்லை சார்! எங்க திருநெல்வேலி வண்ணார்பேட்டை. ஜங்ஷன் பக்கமிருந்து 1843-ல் திறந்த சுலோச்சனா முதலியார் பாலத்தைத் தாண்டி, பாளையங்கோட்டை போகிற வழியில், தாமிரபரணிக் கரையை ஒட்டி இருக்கிற ஊர். பெயரிலேயே ‘வண்ண’த்தை வைத்துக்கொண்டிருக்கிற ஊரில் கலர் பார்க்கத் தெரிந்த ஆள் இல்லாமல் போவாரா?

வண்டி, என் பெரியப்பாவின் ஜீப். 1972-ல் பதிவான மகேந்திரா சி.ஜே. 3பி. மற்ற ஜீப்புகளை விட இதற்குப் பானெட் உயரம். காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி இன்லெட் வால்வைத் தலைக்கு மேலே தூக்கி வைத்து ஒரு புது எஞ்சின் செய்தது. எஞ்சின் உயர்ந்து விட்டது. பழைய பானெட் மூடவில்லை. என்ன செய்தார்கள்? பானெட்டையும் உயர்த்தி விட்டார்கள்! 1953-ல் வந்த அந்த மாடலை நம் ஊரில் மகேந்திரா பல வருஷம் தயாரித்தது. தோட்டம், வயல், காடு, மலை என்று எங்கே ரோடு முடிகிறதோ, அங்கே இந்த ஜீப்புக்கு வேலை ஆரம்பம்.

பெரியப்பாவின் ஜீப்புக்கு மலை ஒன்றும் செய்யவில்லை. ஆறுதான் செய்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையை விட்டு இறங்கி ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைப் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ளேயே வந்து விசாரித்து விட்டுப் போனது. வாசலில் நின்ற ஜீப் சக்கரம் மூழ்கி நின்றது.

தண்ணீர் வடிந்ததும் ஆயில் மாற்றி, பிரேக் டிரம் கழற்றிச் சுத்தம் செய்ததில் வண்டி ஓடி விட்டது. ஆனால் மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்த வண்டல் சும்மா இருக்குமா? ஒரு வருஷத்தில் முன்னால் ரெண்டு மட்கார்டிலும் பின்னால் டெயில் போர்டிலும் பெயிண்ட் அப்பளம் மாதிரிப் பொங்கியது. தட்டினால் உள்ளே துரு.

ரெண்டு மூணு பட்டறையில் விசாரித்தோம். எல்லோருமே ஒரே பாட்டு. “மூணு பாகத்தை மட்டும் அடிச்சா ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரி இருக்கும். மொத்தமாச் சுரண்டிட்டுப் புதுசா அடிச்சிருவோம். சினிமா வண்டி மாதிரி ஆயிரும்!”

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். “ஏல, அம்பது வருசமா வெயில்ல காஞ்ச கலரு. சுரண்டிப் போட்டா, திரும்ப எந்தக் கடையில போயி வாங்குவே?”

அதில் நியாயம் இருந்தது. பழைய வண்டியில் எஞ்சின் மாற்றலாம், சீட் மாற்றலாம், பழைய மாதிரியே பார்ட்ஸ் தேடிப் பிடிக்கலாம். ஆனால் முதல் பெயிண்ட் என்பது ஒரே ஒரு தடவைதான். சுரண்டினால் போயிற்று. அதனால்தான் பழைய வண்டிகளுக்கான போட்டிகளில் ஒரிஜினலாக இருப்பதற்குத் தனி மரியாதை.

கடைசியில் ஒரு சின்னப் பட்டறை கிடைத்தது. பெயிண்டர் அண்ணாச்சிக்கு அறுபதைத் தாண்டிய வயசு. வண்டியைச் சுற்றி வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு கேட்டார், “தம்பி, பொறந்த கலரு வேணுமா, இன்னைக்கு இருக்க கலரு வேணுமா?”

எல்லா விஷயமும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

வளையம் சொன்ன கதை

முதலில் வண்டியின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அண்ணாச்சி 1000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, டெயில் போர்டின் ஓரத்தில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் மெதுவாக வட்டமாகத் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி வளையம் வளையமாக வந்தது. நடுவில் இரும்பு. அதைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் ரெட் ஆக்சைடு. அதைச் சுற்றி ஒரு சாம்பல். அதற்கும் வெளியே இன்னொரு சாம்பல்!

“இது ரெண்டாந்தரம் அடிச்சது. இதை வச்சுக் கலர் பாக்கக் கூடாது” என்றார் அண்ணாச்சி.

பெரியப்பா நெற்றியைத் தேய்த்தார். “ஆமாலே... லாரிக்காரன் ஒருத்தன் பின்னால வந்து தட்டினான். மறந்தே போச்சு.”

மனுஷன் மறந்தாலும் வண்டி மறக்கவில்லை.

பானெட்டின் பக்கவாட்டிலும் இப்படித் தேய்த்துப் பார்த்ததில் ஒரே ஒரு சாம்பல்தான். அங்கே முதல் பெயிண்ட் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். டாஷ்போர்டில் இருந்த தகட்டைக் கழற்றினார். வெயில் படாத இடம், அதனால் அங்கே பிறந்த கலர் அப்படியே இருக்கும் என்று நான் நினைத்தேன். பார்த்தால் பழைய பேப்பர் மாதிரி லேசான மஞ்சள்!

எண்ணெய் சேர்ந்த பழைய எனாமல் பெயிண்ட்டின் குணம் இது. வெளிச்சமே படாமல் இருட்டில் கிடந்தால் மஞ்சள் தட்டும். வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சள் மெல்ல இறங்கும். அண்ணாச்சி தகட்டைத் திரும்ப மாட்டாமல், ஒரு வாரம் வண்டியை வெயிலில் நிறுத்தச் சொன்னார். மஞ்சள் பாதிக்கு மேல் இறங்கி விட்டது. ஆக, வெயில் வெளுக்க வைக்கிறது, இருட்டு மஞ்சளாக்குகிறது. நிழலில் ஒளித்து வைத்தாலும் வயசு ஆகத்தான் செய்யும்!

பல் செட்டு மாதிரி ஆகிவிடும்

பிறந்த கலரையே புது மட்கார்டுக்கு அடித்தால் என்ன? அண்ணாச்சி சிரித்தார். “தாத்தா வாயில நடுவுல ரெண்டே ரெண்டு கட்டின பல்லு பளீர்னு இருந்தா எப்படி இருக்கும்? அப்படி இருக்கும்.”

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பெயிண்ட்டின் மேல் படலத்தை வருஷக்கணக்கில் அரிக்கின்றன. கலர்ப் பொடியைப் பிடித்து வைத்திருக்கும் பசை உதிர்ந்து, விரலால் தொட்டால் சாக்பீஸ் மாதிரி ஒட்டுகிறது. அந்தப் பொடிதான் கலரை வெளுப்பாகக் காட்டுகிறது. அதனால் கலர் பார்க்கும் முன் பானெட்டுக்கு ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துப் பொடியை எடுக்க வேண்டும். எடுத்ததும் அடியில் இருந்து கொஞ்சம் ஆழமான சாம்பல் எழுந்து வந்தது. “இதுதான் இன்னைக்கு உள்ள கலரு. இதுக்குத்தான் சேக்கணும்” என்றார்.

இன்னொரு சூட்சுமம். பானெட்டின் மேல்பக்கமும் பக்கவாட்டும் ஒரே அளவு வெளுப்பதில்லை. உச்சி வெயில் வாங்குவது மேல்பக்கம். மட்கார்டுக்குப் பக்கத்து வீடு பானெட்டின் பக்கவாட்டுதான். யாரோடு பக்கத்தில் நிற்கப் போகிறதோ, அவரோடுதான் ஒத்துப் போக வேண்டும்.

மெஷின் பொய் சொல்லாது, ஆனால்...

இந்தக் காலத்தில் பெயிண்ட் கடையில் கலர் பார்க்கிற மெஷின் இருக்கிறது. ஒரு கருவியைப் பெயிண்ட் மேல் வைத்து அழுத்தினால், வெளிச்சத்தை அடித்து, எந்தெந்த நிறம் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து, எந்தக் கலர் எத்தனை கிராம் என்று சமையல் குறிப்பு மாதிரிக் கொடுத்து விடும். புது கார்களுக்கு இன்னும் சுலபம். கம்பெனியே கலர் நம்பரைத் தகட்டில் போட்டிருக்கும்.

பானெட்டையே கழற்றிக் கடைக்குக் கொண்டு போனோம். (ஆட்டோவில் மடியில் ஜீப் பானெட்டோடு உட்கார்ந்து போன என்னை வண்ணார்பேட்டையே பார்த்தது!) மெஷின் சீட்டுக் கொடுத்தது. கால் லிட்டர் கலந்தும் தந்தார்கள்.

அண்ணாச்சி மெஷினை மட்டம் தட்டவில்லை. “மெசினு பொய் சொல்லாது தம்பி. ஆனா நாம வச்ச எடத்தைத்தான் அது பாக்கும். எங்க வைக்கணும்னு அதுக்குத் தெரியாது.” அதுவும் சரிதான். காம்பவுண்ட் போடாத இடத்தில் வைத்திருந்தால், அழுக்குக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கும்.

மெஷின் தந்தது கிட்டத்தட்ட சரி. அந்த ‘கிட்டத்தட்ட’ இருக்கிறதே, அதற்குத்தான் அண்ணாச்சி.

வெள்ளையில் கறுப்பைக் கலந்தால் சாம்பல் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? கலந்து பாருங்கள், லேசாக நீலம் அடிக்கும். அந்த நீலத்தை அடக்க ஒரு சொட்டு காவி மஞ்சள். மஞ்சள் கூடினால் பச்சை தலைகாட்டும். பச்சையை அடக்க ஒரு பொட்டு சிவப்பு. கணவன் மனைவி சண்டையில் சமாதானம் பேசப் போன மாதிரி, ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்று! எப்போதும் வெளிர் கலரில்தான் அடர் கலரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அடர் கலரை வெளுக்க வைக்கப் போனால் கால் லிட்டர் வேலைக்கு நாலு லிட்டர் பெயிண்ட் சேர்ந்து விடும்.

கலந்ததை விரலால் தொட்டு வண்டியில் வைத்துப் பார்ப்பது தப்பு. பெயிண்ட் ஈரத்தில் ஒரு கலர், காய்ந்தால் ஒரு கலர். அண்ணாச்சி ஒரு அட்டையில், மட்கார்டுக்கு அடிக்கப் போகிற அதே ப்ரைமரை அடித்து, மேலே கன் வைத்துப் பெயிண்ட்டை அடித்து, முழுசாகக் காய விட்டார். அட்டை நடுவில் ஒரு ரூபாய் அளவு ஓட்டை. அதைப் பானெட் மேல் வைத்தால், ஓட்டை வழியாகப் பழைய கலர். சுற்றிலும் புதுக் கலர். ஓட்டை கண்ணுக்குத் தெரிந்தால் ஃபெயில். தெரியாவிட்டால் பாஸ்!

மூன்று அட்டை ஃபெயில். நான்காவது அட்டையில் எனக்கு ஓட்டையே தெரியவில்லை. “ஆஹா!” என்றேன்.

ஜவுளிக்கடை வாசல்

“அவசரப்படாதீங்க” என்று உள்ளே திரும்பி மதினியைக் கூப்பிட்டார் அண்ணாச்சி.

கலர்க் குறைபாடு ஆண்களுக்குத்தான் அதிகம். சிவப்பு, பச்சையைப் பிரித்தறியும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் ரெண்டு. ஒன்று பழுதானாலும் இன்னொன்று காப்பாற்றும். நமக்கு ஒன்றே ஒன்று. பழுதானால் அவ்வளவுதான். அதை விடப் பெரிய காரணம், மதினிக்கு முப்பது வருஷமாகச் சேலைக்கு மேட்ச்சாக ஜாக்கெட் துணி எடுத்த அனுபவம்!

வண்ணார்பேட்டையில் பெரிய ஜவுளிக்கடைகள் இருக்கின்றன. அங்கே விவரமான பெண்கள் என்ன செய்வார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? சேலையையும் ஜாக்கெட் பிட்டையும் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து விடுவார்கள். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்த ரெண்டும் பகல் வெளிச்சத்தில் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். வெவ்வேறு சாயத்தால் ஆன ரெண்டு கலர், ஒரு வெளிச்சத்தில் ஒத்துப் போய், இன்னொரு வெளிச்சத்தில் வேறாகத் தெரியலாம். விஞ்ஞானத்தில் இதற்கு ‘மெட்டாமெரிஸம்’ என்று பெரிய பெயர். ஜவுளிக்கடை வாசலில் இதற்குப் பெயரே கிடையாது, பழக்கம்தான்.

மதினி அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். நேர் வெயிலில் கண் கூசும் என்று வேப்பமர நிழலுக்குப் போனார். ஒரு நிமிஷம் பார்த்தார். கண்ணை எடுத்து வேறெங்கோ பார்த்தார். (ஒரே கலரை உற்றுப் பார்த்தால் கண் சோர்ந்து விடும்.) திரும்பப் பார்த்தார். “ஒரு பொட்டு நீலம் தூக்கலா இருக்கு.”

அண்ணாச்சி வாயே திறக்காமல் காவி மஞ்சளில் ஒரு சொட்டு விட்டார். ஐந்தாவது அட்டை. காலை நிழல், மத்தியான வெயில், ராத்திரி தெருவிளக்கு என்று மூன்றிலும் பார்த்தோம். மூன்றிலும் பாஸ்!

காற்றும் மழையும்

அதற்குப் பிறகும் உடனே அடிக்கவில்லை. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கிற காற்று, தெருவில் உள்ள அத்தனை தூசியையும் ஈரப் பெயிண்ட்டில் கொண்டு வந்து ஒட்டி விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தொல்லை. தின்னர் ஆவியாகும்போது தகடு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது பெயிண்ட் மேல் படிந்து பால் ஊற்றிய மாதிரி வெளுக்க வைக்கும். மாசியில் ஒரு காலை நேரம் பார்த்து அடித்தார்.

துருவைச் சுத்தமாக எடுத்து, டிங்கர் வேலை முடித்து, பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்து, மேலே மூன்று கோட். அண்ணாச்சி வாயில் துண்டு கட்டவில்லை. கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி மாட்டியிருந்தார். இப்போது வருகிற, ஹார்டனர் கலந்து அடிக்கிற பி.யு. பெயிண்ட்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. மூச்சில் போனால் ஆஸ்துமாவில் கொண்டு விடும். துண்டு அதைத் தடுக்காது. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால், தேய்க்கும்போதும் உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு அடிக்கிறவர் முகத்தில் வெறும் துண்டு இருந்தால், முகமூடி ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

காய்ந்த பிறகு கலர் ஒத்துப் போனது. பளபளப்பு ஒத்துப் போகவில்லை. புதுசு கண்ணாடி மாதிரி மின்னியது. 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் மெல்லத் தடவி, காம்பவுண்ட் போட்டு அந்தப் பளபளப்பைக் குறைத்தார். காசு கொடுத்து வாங்கிய பளபளப்பைக் காசு கொடுத்துக் குறைப்பதை அன்றுதான் பார்த்தேன்!

பச்சை ஆசை வேண்டாம்

ஜீப் வைத்திருக்கிற நம் இளவட்டங்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘எதுக்குச் சாம்பல்? மிலிட்டரி பச்சை அடிச்சா கெத்தா இருக்குமே!’ என்று ஆபீஸில் என் நண்பர்கள் நாலு பேராவது சொன்னார்கள். மஞ்சளில் கறுப்பைக் கலந்தாலே அந்த ஆலிவ் பச்சை வந்து விடும், கலப்பது சுலபம். இரண்டாம் உலகப் போரில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்து அமெரிக்க ராணுவத்துக்குக் கொடுத்ததும் அந்த வகைப் பச்சையில்தான்.

ஆனால் நம் நாட்டில் 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி தெளிவாகச் சொல்கிறது: பாதுகாப்பு அமைச்சகத்தின் வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. வேறு கலருக்கு மாற்றினாலும், ஆர்.சி.யில் எழுதியிருக்கிற கலரையும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லி மாற்ற வேண்டும். எஃப்.சி.க்குப் போகும்போது ஆர்.சி.யில் ஒரு கலர், வண்டியில் ஒரு கலர் என்று நின்றால், ‘சாம்பல்ல எத்தனையோ வகை இருக்கு சார்’ என்ற விளக்கமெல்லாம் அங்கே எடுபடாது.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டி என்றால் இன்னொரு வழி இருக்கிறது. 2021-ல் வந்த விதிப்படி, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் ஒரிஜினலாக இருக்கிற வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதியலாம். புதுசாகப் பதிகிற வண்டியின் நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய்; பிறகு செய்கிற மறுபதிவுக்கு 5,000. பெரியப்பாவிடம் ஆசையாகச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதி முழுவதையும் படித்தார். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று போகலாம். தினசரி ஓட்டக் கூடாது என்ற இடத்தில் நின்றார்.

“அப்போ வயலுக்கு உர மூட்டை ஏத்திட்டுப் போக முடியாது?”

“முடியாது பெரியப்பா.”

“அப்போ அந்த போர்டு நமக்கு வேண்டாம்லே.”

ஜீப் இப்போதும் பழைய நம்பரில்தான் ஓடுகிறது. மட்கார்டில் ஏற்கெனவே சேறு.

மிச்சமிருந்த பெயிண்ட்டை அண்ணாச்சி ஒரு சின்ன டப்பாவில் விளிம்பு வரை ஊற்றி, காற்றுப் புகாமல் அடைத்து, மூடியில் கலந்த கணக்கையும் தேதியையும் எழுதிக் கொடுத்தார். ஐந்தாவது அட்டையையும் கூடவே கொடுத்து, “பெயிண்ட்டு கெட்டுப் போனாலும் இந்தச் சீட்டு கெடாது. ஆனா அஞ்சாறு வருசம் கழிச்சு அடிக்கணும்னா, இதே கணக்குல கலந்து அப்படியே அடிச்சிராதீங்க. முதல்ல ஒரு அட்டை அடிச்சுப் பாருங்க. வண்டி அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கும்லா?” என்றார்.